சாலையில் படுத்த பயில்வான்

ஒல்லியாகவும் இருக்க வேண்டும், குண்டாகவும் இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கோ மூன்று வருடம் உயிரை வாங்கிய வேலை அது. நான் எழுத்துரு வரைகிறவள். செய்தித்தாளின் ஒற்றைப் பத்தித் தலைப்பு, சுவரொட்டி, கடையின் ஷட்டர், தண்ணீர் லாரியின் முதுகு என்று, இடம் கொஞ்சமாகவும் சத்தம் அதிகமாகவும் வேண்டிய இடங்களுக்கென்றே ஓர் எழுத்துருவை உண்டாக்கினேன். அகலம் குறுகல், கோடு தடிமன். தமிழில் இது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்று சுழி 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒடுக்கினால் சுழி அடைத்துக்கொண்டு கரிக்கட்டியாகிவிடும். சுழியைத் திறந்துவிட்டால் கோடு மெலிந்து தொலைக்கும். அந்த ஓர் எழுத்தை மட்டும் நாற்பத்தோரு தடவை வரைந்தேன்.

முடித்த அன்று என் தங்கச்சி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, ஒல்லிப் பயில்வான் கணக்கா இருக்கு! இடுப்பே இல்ல, தோள் மட்டும் இந்த சைஸு!" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கடையில் விற்கும்போது வேறு பெயர்தான். எங்கள் வீட்டில் அது பயில்வான்.

பயில்வான் ஊருக்குள் போன பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனையில் ஓர் இரும்புக்கடை ஷட்டரில் 'ஆணி' என்று நின்றுகொண்டிருந்தான். எதிர்ச்சாரியில் போன என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை விரித்தார். இரண்டு விரல்கடை அகலப் பத்தியில் 'வெள்ளம் வடிந்தது' என்று மூச்சு முட்டாமல் அடங்கி நின்றது தலைப்பு. டீயை மேலே ஊற்றிக்கொண்டேன். எழுத்து என்பது வீட்டில் பார்க்கும்போது ஒன்று, வெளியே பார்க்கும்போது வேறொன்று என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஆகாது. எழுத்தை மூலையைப் பிடித்து இழுப்பது. இடம் மிச்சமிருக்கிறது என்று கணினியில் எழுத்தைப் பிடித்து ரப்பர்போல இழுக்கிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். அதற்காக இரண்டு அச்சகங்களில் சண்டை போட்டிருக்கிறேன், இரண்டாவதில் என்னை உள்ளே விடக்கூடாது என்று வாசல் ஆளிடம் சொல்லியே வைத்துவிட்டார்கள்.

இனி தங்கச்சி விஷயம். அவள் பஸ் ஓட்டுகிறவள். பதினோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் தையல் ஃபாக்டரி இறக்கத்தில் அது நடந்தது. மேட்டிலிருந்து இறங்கும் சாலை, அடியில் ஒரு வளைவு, வளைவு முடிந்த உடனே ஃபாக்டரி கேட். அங்கேதான் எல்லோரும் சாலையைக் கடப்பார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் எப்போதும் ஒரு லாரி நிற்கும். வளைவில் திரும்பியவள் சைக்கிளில் குறுக்கே வந்த ஃபாக்டரி மெக்கானிக்கை இடித்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. அந்த மனிதரே ஆஸ்பத்திரியில் இவளைப் பார்த்து, "நானும் பாக்காமதாம்மா வந்தேன், அழாத" என்று சொன்னார். இவள் அழுகை நின்றது, நடுக்கம் நிற்கவில்லை.

டிப்போவில் அவளை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அதே வழித்தடத்தில் மறுசோதனை வைத்தார்கள். மேட்டின் உச்சியிலேயே பிரேக்கில் காலை வைத்தவள் எடுக்கவே இல்லை. பஸ் ஊர்ந்தது. பின்னால் ஹாரன், அதைக் கேட்டு இன்னும் பதற்றம். கடைசியில் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டாள். டிப்போ மேலாளர் நல்ல மனிதர். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என் கையில இருக்கு. அதுலயும் ஆகலன்னா நிரந்தரமா ஜன்னல்தான்" என்றார்.

"எங்க பிரேக் போட ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியலக்கா. முன்னாடி தெரிஞ்சுது. இப்ப அந்த இடம் எங்கன்னே தெரியல" என்றாள் என்னிடம். பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சாலை அலுவலகம் அந்த இறக்கத்தில் தரையிலேயே எச்சரிக்கை எழுதப் போகிறது என்று கேள்விப்பட்டேன். விடுவேனா? என் பயில்வானைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கிவிட்டேன். பிரேக் போட வேண்டிய இடத்தில் என் எழுத்து கிடந்து அவளுக்குச் சொல்லட்டும். அதைவிட அதற்கு வேறென்ன வேலை?

அங்கே சாலைக்கோடு போடும் பெயின்டர் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். காதில் எப்போதும் சாக்பீஸ் செருகியிருப்பதால் பெயரே சாக்பீஸ் ஆகிவிட்டது. அவர் மேஜையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு சாதாரணப் புத்தக எழுத்தை எடுத்துப் பக்கவாட்டில் நசுக்கி, நீளவாக்கில் ஐந்து மடங்கு இழுத்து வைத்திருந்தார்.

"ஏங்க, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரோட்ல எழுதறதுன்னா இழுத்துத்தான் ஆகணும் மேடம். அப்பதான் வண்டில வர்றவங்களுக்குத் தெரியும்."

"நீளமா வேணும்னா நீளமா வரையணும். இழுக்கக் கூடாது. மனுஷனை உயரமாக்கணும்னு காலைப் புடிச்சா இழுப்பீங்க?"

"மனுஷன் நிக்கிறான் மேடம். இது படுத்துக் கிடக்குது."

அந்தப் பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். இருபது வருட அனுபவம், பத்திரிகைகள், விருது என்று ஒரு பாட்டம் அவிழ்த்துவிட்டேன். அவர் சாக்பீஸை எடுத்து மறுபடி காதில் செருகிக்கொண்டு, "சரி மேடம், உங்க இஷ்டம். ஆனா சுண்ணாம்புல ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம்" என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. சாலை அலுவலக இன்ஜினியர் 'வேகத்தைக் குறைத்துக் கவனமாகச் செல்லவும்' என்று எழுதச் சொன்னார். "சார், இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி ஃபாக்டரிக்குள்ளயே போயிடும்" என்றார் சாக்பீஸ். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லுக்கு இறங்கி வந்தார்கள்: மெல்ல. மூன்று மீட்டர் அகலத் தடத்தில் கொம்பு, ம, புள்ளி வைத்த ல், ஒரு ல. நான்கு உருவம். ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர்தான் அகலம். என் வாழ்க்கையில் இவ்வளவு ஒல்லியாக எதையும் வரைந்ததில்லை. புதிதாகவே வரைந்தேன், ஒரு கோட்டைக்கூட இழுக்கவில்லை.

டிப்போவுக்குப் பின்னால் பிரேக் சோதித்துப் பார்க்கும் நேர்ச்சாலை ஒன்று உண்டு. அங்கே சாக்பீஸ் நைலான் கயிறு கட்டி, கட்டம் போட்டு, சுண்ணாம்பால் என் எழுத்தை அச்சு அசலாக இறக்கினார். நான் டிப்போவின் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தேன். அடடா! நெடுநெடுவென்று, ஒரு பிசிறில்லாமல், கண்பட்டுவிடும் போலிருந்தது. அங்கிருந்தே தங்கச்சிக்குக் கையசைத்தேன். டிப்போ வளாகத்துக்குள் ஓட்ட அவளுக்கு அனுமதி இருந்தது. காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தாள். எழுத்தின் மேலேயே ஏறி, தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

நான் படியிறங்கி ஓடினேன். "என்னடி, வேகத்தைக் குறைக்கவே இல்ல?"

"எழுத்து எங்கக்கா போட்டிருக்கு?"

"மேல ஏறி வந்துட்டு எங்கன்னு கேக்கற?"

"வெறும் கம்பி கம்பியாத்தான் தெரிஞ்சுது. வேலி மாதிரி. அதுவா எழுத்து?"

திரும்பப் போகச் சொன்னேன். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை வந்து நிறுத்தியவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"எனக்காகத்தான எழுதியிருக்க. அதையே என்னால படிக்க முடியல. எனக்குக் கண்ணு போச்சா, புத்தி போச்சான்னு தெரியலக்கா. விட்டுடு. நான் அந்த ஜன்னல்லயே உக்காந்துக்கறேன்." இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நான் அங்கேயே நின்றேன். சாக்பீஸ் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், தப்பா நெனைக்காதீங்க. மாடில ஏறிப் பாத்தீங்க, சரி. ஒரு தடவை அந்த டிரைவர் சீட்ல உக்காந்து பாருங்க."

டிப்போ மெக்கானிக் ஒருவர் பஸ்ஸை நாற்பது மீட்டர் பின்னால் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த நொடியில் என் மூக்கு உடைந்தது. எழுத்தே இல்லை! சாலையில் ஏழெட்டு வெள்ளைக் குச்சிகள் நின்றன, அவ்வளவுதான். 'ம'வின் அடிக்கோட்டைக் காணோம். 'ல'வின் வளைவைக் காணோம். புள்ளி ஒரு நூலாகக் கிடந்தது.

எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தருவது ஒன்று உண்டு. படுக்கைக் கோட்டை, நிற்கிற கோட்டைவிட ஒரு நூல் மெலிசாக வரைய வேண்டும். இரண்டையும் ஒரே தடிமனில் வரைந்தால் கண்ணுக்குப் படுக்கைக் கோடு பருத்துத் தெரியும். இருபது வருடமாக என் கை தானாக அப்படித்தான் போகிறது. காகிதத்துக்கு அது சரி, திரைக்குச் சரி, ஷட்டருக்குச் சரி. ஆனால் தரையில் கிடக்கிற எழுத்தை ஓட்டுநர் சாய்வாகப் பார்க்கிறார். நீளமெல்லாம் அவர் கண்ணில் சப்பிப்போகும். ஐந்து மீட்டரே ஒரு முழமாகச் சுருங்கும்போது, நான் மெலிய வைத்த படுக்கைக் கோடு எங்கே மிஞ்சும்? அந்தக் கோட்டை இழுத்து இழுத்துப் பருக்க வைத்த சாக்பீஸ் சரி. இழுக்கவே கூடாது என்று குதித்த நான் தப்பு. எழுத்து வரையத் தெரியாதவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அதற்கு இருபது வருடப் படிப்பு வேண்டும்.

கீழே இறங்கி, "நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் வாயடிச்சுட்டேன், மன்னிச்சுடுங்க" என்றேன். எனக்கு இந்த வார்த்தை லேசில் வராது. அன்று வந்தது.

"அட, விடுங்க மேடம். என்னோடதும் உருப்படி இல்ல. பக்கவாட்டுல நசுக்கினதுல நிக்கிற கோடெல்லாம் பஞ்சத்துல அடிபட்ட மாதிரி ஆயிடுச்சு. உங்க எழுத்து, என் இழுப்பு. ரெண்டும் சேந்தாத்தான் வேலைக்கு ஆகும்."

அன்று மாலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளிடம் உட்காராமலேயே சொன்னேன்: "கோளாறு உன் கண்ணுல இல்லடி, என் கையில. உன் சீட்ல நானும் உக்காந்து பாத்தேன். எனக்கும் ஒரு எழவும் தெரியல." அவள் என்னையே பார்த்தாள். "நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லலியே?" என்றாள். "உன்னைச் சமாதானப்படுத்த நான் என் எழுத்தைத் திட்டுவேனா?" என்றேன். அதை நம்பினாள். சோதனைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். சோதனை வெள்ளிக்கிழமை, அதற்கு ஆறு நாள்தான் இருந்தது.

பயில்வானையே எடுத்து மறுபடி உட்கார்ந்தேன். நிற்கிற கோடு பதினைந்து சென்டிமீட்டர். படுக்கிற கோடு எழுபது! கை போகவே மறுத்தது. சொந்தப் பிள்ளைக்குச் சூடு வைக்கிற மாதிரி இருந்தது. கொம்பின் சுழிக்குள்ளே இருக்கும் ஓட்டை கடுகத்தனை இருந்தால் தூரத்தில் அடைத்துக்கொள்ளும் என்று அதை ஒரு மீட்டர் நீளத்துக்குத் திறந்தேன். அச்சில் எடுத்துப் பார்த்தபோது சாக்பீஸ் புள்ளியைத் தொட்டு, "மேடம், இது புள்ளியா, சுரைக்காயா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். திரையில் அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் நான் குடித்துவிட்டு வரைந்தேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை இறக்கத்தில் ஒரு தடத்தை மூடிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். தங்கச்சியின் பழைய ஓட்டத்தை வைத்து, வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக்கில் கால் போக வேண்டும் என்று டிப்போக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டி அந்த இடத்துக்கு வரும்போது எழுத்து தெளிய வேண்டும். கொதிகலனில் உருகிய வெள்ளைப் பெயின்ட் தார்மேல் கொழகொழவென்று விழுந்தது. சூடு ஆறுமுன் கண்ணாடி மணித்தூளைத் தூவினார்கள், விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்கு. முடிந்ததும் நாங்கள் எல்லோரும் அதன் ஓரத்தில் நின்று பார்த்தோம். இன்ஜினியர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். "ஏம்மா, இது எழுத்தா? யாரோ கட்டிலைக் கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே அது எழுத்தாகத் தெரியவில்லை.

"வாங்க மேடம்" என்று சாக்பீஸ் என்னைப் பெயின்ட் லாரியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார். திருப்பினார். இறங்கத் தொடங்கினோம்.

முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. வேறொன்றும் இல்லை. செத்தோம் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பட்டைக்குள் ஏதோ அசைந்தது. கோடுகள் பிரிந்தன. பருத்துக் கிடந்த அடிக்கோடுகள் ஒடுங்கி, நிற்கிற கோடுகளுக்குச் சமமாக வந்து பொருந்தின. சுரைக்காய் சுருங்கிச் சுருங்கி உருண்டையான புள்ளியாயிற்று. கொம்பின் சுழி திறந்தது. அப்புறம், ஐயோ, எப்படிச் சொல்வேன், அது எழுந்து நின்றது! தரையில் படுத்துக் கிடந்த ஐந்து மீட்டர் உருவம் சாலையை அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, 'மெல்ல' என்றது. கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. இரண்டு விநாடி. அதற்குள் எங்கள் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் வாயடைத்தால் எங்கள் குடும்பத்தில் அது பெரிய செய்தி. "இன்னொரு தடவை போங்க" என்றேன். ஆறு தடவை போனோம். ஆறு தடவையும் அது அதே இடத்தில் எழுந்தது. மூன்று வருடம் நான் வரைந்த எழுத்தெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும், யார் போனாலும் பார்க்கலாம். இதுவோ எங்கேயும் இல்லை. தரையில் போய்ப் பார்த்தால் இல்லை, என் கணினியில் இல்லை, மாடியிலிருந்து பார்த்தால் இல்லை. ஓட்டிக்கொண்டு வருகிற ஓர் ஆளின் கண்ணில், அந்த ஓர் இடத்தில், இரண்டு விநாடி மட்டும் இருக்கிறது. எழுத்தால் இப்படியும் முடியுமா என்று எனக்குப் பிரமிப்பு அடங்கவே இல்லை. சாக்பீஸுக்கு அது தினப்படி வேலை. அவர் டீசல் தீர்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. முதல் சீட்டில் மேலாளர், மடியில் நோட்டு. மூன்றாவது வரிசையில் நான். என்னை வரவேண்டாம் என்றுதான் தங்கச்சி சொன்னாள், நான் கேட்கிற ஆளா? இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு கையையும் சீருடையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். சந்தைத் தெரு, பாலம், ரயில் கேட் எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. மேடு வந்தது. அவள் கழுத்து விறைத்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"ஊர்ந்து போகக் கூடாது. வழக்கமான வேகம்" என்றார் மேலாளர்.

இறங்கினோம். நாற்பத்தைந்து. அவள் கால் பிரேக்குக்கு வந்தது, தொட்டது, மறுபடி விலகியது. வெள்ளைப் பட்டை தெரிந்தது. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோடுகள் பிரிந்தன, எழுந்தன, நின்றன. அவள் கால் பிரேக்கில் இறங்கியது. உதறல் இல்லை, குலுக்கல் இல்லை. பஸ் தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்தது. வளைவில் திரும்பினோம். கேட்டுக்கு முன்னால் டிபன் பையோடு மூன்று பெண்கள் குறுக்கே இறங்கியிருந்தார்கள். நாலடி தள்ளி வண்டி நின்றது. அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தபடியே கடந்து போனார்கள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சி கியரைப் போட்டாள். மேலாளர் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார்.

டிப்போவுக்குத் திரும்பியதும் அவர் இறங்கும்போது, "திங்கக்கிழமை காலைல ஆறு மணி ஷிஃப்ட். லேட்டா வராதீங்க" என்று மட்டும் சொன்னார். தங்கச்சி தலையாட்டினாள். அவர் போன பிறகுதான் மூச்சை விட்டாள்.

நான் பாய்ந்து முன்னால் போனேன். கட்டிப்பிடித்திருக்க வேண்டும், வாழ்த்தியிருக்க வேண்டும். என் வாய் என்ன கேட்டது தெரியுமா? "எப்படி எழுந்து நின்னுச்சு பாத்தியாடி எழுத்து?"

"எந்த எழுத்து?" என்றாள்.

"ஏய், விளையாடாத."

அவள் யோசித்தாள். கண் அகல விரிந்தது. "ஐயையோ, ஆமால்ல! அக்கா, நான் எழுத்தைப் பாக்கவே இல்லியே. இறங்கறப்ப பயந்துட்டே வந்தேன். அங்க வந்ததும் கால் தானா போயிடுச்சு. முன்னாடியெல்லாம் போகுமே, அந்த மாதிரி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் குடுமிப்பிடிச் சண்டைதான். மூன்று வருடமும் பத்து நாளும் என் எழுத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று உயிரை விட்டவள் நான். அவள் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அது அவள் காலுக்குள் போயிருக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா, கோவமா?"

"போடி" என்றேன். "இறங்கு, வீட்டுக்குப் போலாம்."

"கொஞ்ச நேரம் இரு, அக்கா" என்றாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.